அந்தக் கரு அவள் வயிற்றுக்குள் போகவே இல்லை

இரண்டு நாளாக மனசு ஆறவில்லை. என் தங்கை இங்கே பெங்களூரில் ஐவிஎஃப் சிகிச்சையில், அதாவது முட்டையை வெளியே எடுத்து லேபில் கருவாக்கிப் பிறகு கருப்பையில் வைக்கும் சிகிச்சையில், இருக்கிறாள் (அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்). மூன்றாம் நாள் லேபிலிருந்து போன் வந்தது, நாலு கரு எட்டு செல் வரை வந்திருக்கிறது என்று. வீடே சந்தோஷப்பட்டது. ஐந்தாம் நாள் மறுபடி போன், நாலுமே வளர்ச்சி நின்றுவிட்டது. அன்று சாயங்காலம் அல்சூரிலிருந்து வந்த பெரியம்மா கேட்ட முதல் கேள்வி, "முட்டை எடுத்த ரெண்டாம் நாளே ஸ்கூட்டியில ஆபீஸ் போகாதேன்னு சொன்னேனே, கேட்டியாடி?"

அந்தக் கரு அவள் வயிற்றுக்குள் இன்னும் போகவே இல்லை! லேபில் இன்குபேட்டரில் இருந்தது.

நான் படித்தது உயிரியல், அதனால் சொல்கிறேன். முதல் இரண்டு நாள் கரு பெரும்பாலும் தன் சொந்த மரபணுக்களை நம்பி ஓடுவதில்லை. முட்டை முதிரும்போதே அதற்குள் சேர்ந்த ஆர்என்ஏவும் புரதமும்தான் கட்டுச்சோறு, அதை வைத்துத்தான் ஒன்று இரண்டாகி இரண்டு நாலாகிறது. எட்டு செல் ஆகும் வாக்கில், மூன்றாம் நாள், கட்டுச்சோறு தீர்ந்துவிடும். இனி கருவே தன் மரபணுக்களைப் பெரிய அளவில் இயக்கியாக வேண்டும், அப்பாவிடமிருந்து வந்தவையும் முழுவீச்சில் வேலைக்கு வருவது அப்போதுதான். இந்த இடத்தைத் தாண்டாமல் நின்றுபோகும் கருக்கள் ஏராளம். செல் பிரியும்போது குரோமோசோம்கள் சரியாகப் பங்காகாமல் போவது அதற்குப் பெரிய காரணம். ஸ்கூட்டிக்கும் பப்பாளிக்கும் அங்கே வேலையே இல்லை.

தாண்டிய கருவின் செல்கள் ஐந்து, ஆறு நாளில் இரண்டு வகையாகப் பிரியும். உள்கொத்து குழந்தையாகும், வெளிப்படலம் நச்சுக்கொடியாகும். டிஎன்ஏ ஒன்றேதான், எந்த மரபணு எங்கே இயங்குகிறது என்பதில்தான் வித்தியாசம்: உள்ளே நானாக் (NANOG) என்ற மரபணு, வெளியே காட்டா3 (GATA3) என்ற மரபணு. ஆக நச்சுக்கொடியின் பெரும்பகுதி கருவே கட்டிக்கொள்வது. 1984இல் எலிகளில் பார்த்தார்கள், அப்பாவின் மரபணுத் தொகுதி மட்டும் இருந்த கருக்களில் நச்சுக்கொடித் திசு வளர்ந்தது, கரு தேறவில்லை. அம்மாவுடையது மட்டும் இருந்தவற்றில் கரு ஓரளவு வந்தது, நச்சுக்கொடி வளரவில்லை. இரண்டு பேரும் வேண்டும். ஆனால் எங்கள் வீட்டில் மாப்பிள்ளையை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவரையும் கேட்க வேண்டாம், அவரும் உடைந்துதான் போயிருக்கிறார்.

அடுத்த சிகிச்சைச் சுற்று இரண்டு மாதம் கழித்து. அதுவரை வீட்டுக்கு வருகிறவர்கள் ஸ்கூட்டி, மாடிப்படி, பப்பாளி எதையும் எடுக்காதீர்கள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு காபி குடித்துவிட்டுப் போங்கள், போதும்.