திண்ணையில் ஆள் இருந்தார்கள்

மகாராஷ்டிரத்தில் சனீஸ்வரன் கோயில் உள்ள சனி சிங்கணாப்பூரில் வீடுகளுக்குக் கதவு வைக்காத வழக்கத்தைக் காட்டி, பூட்டு வந்ததும் மனிதர்களிடையே நம்பிக்கை போய்விட்டது என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த ஊரில் 2011-ல் யூகோ வங்கி பூட்டில்லாத கிளை திறந்தது உண்மைதான். ஆனால் 2015-ல் அங்கே காவல் நிலையமும் வந்துவிட்டது. திருடினால் சனீஸ்வரன் தண்டிப்பார் என்ற பயம் ஊர்க்காரர்களைக் கட்டிப்போடும். சரி, தினமும் கோயிலுக்கு வந்துபோகும் வெளியூர்க் கூட்டத்தை?

கும்பகோணம் பக்கம் எங்கள் பாட்டி வீட்டிலும் பகல் முழுக்க வாசல் கதவு திறந்தேதான் கிடக்கும். திண்ணையில் தாத்தா இருப்பார், எதிர்வீட்டில் யாராவது பூ கட்டிக்கொண்டிருப்பார்கள். தெருவுக்குள் புது ஆள் நுழைந்தால் "யார் வீட்டுக்குப்பா போகணும்?" என்று மூன்று இடத்திலாவது கேட்டுவிடுவார்கள். அதே வீட்டில் நகைப்பெட்டிக்குப் பூட்டு உண்டு, சாவி எப்போதும் பாட்டியின் இடுப்பில்! இன்று அந்தத் திண்ணையை இடித்து பைக் நிறுத்துகிறோம். பகலில் வீட்டில் ஆளே இல்லை. பூட்டாமல் எப்படிப் போவது?

சென்னையில் என் அடுக்ககத்தில் நான் இரண்டு பூட்டு போடுகிறேன். ஆனால் மாற்றுச் சாவி எதிர்வீட்டு அக்காவிடம் இருக்கிறது. போன மழையில் நான் ஊரில் இல்லாதபோது பால்கனி வழியாகத் தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. அவர்தான் திறந்து, மெயினை நிறுத்தி, கூடம் முழுக்கத் துடைத்துவிட்டு, அப்புறம்தான் எனக்குப் போன் செய்தார்.