கடற்கரைக் கடிதத்தில் நான் ஏன் கையெழுத்துப் போடவில்லை

கொழும்பில் கடல் எங்கேயும் தூரமில்லை. ஆனால் குடும்பத்தோடு போய்க் கடலோரத்தில் ஆறுதலாக உட்கார எத்தனை இடம் இருக்கிறது என்று எண்ணத் தொடங்கினால் ஒரு கை விரல் போதும். வடக்கே துறைமுகம் மறித்துக்கொண்டு நிற்கிறது. தெற்கே, கொள்ளுப்பிட்டியில் கரைக்கு வரும் ரயில் பாதை கல்கிசை வரைக்கும் கடலைப் பிரிய மனமில்லாமல் கூடவே ஓடுகிறது. இரண்டுக்கும் நடுவில், ரயில் கொம்பனித்தெருப் பக்கமாக உள்ளே ஒதுங்கிப் போகிற அந்த இடைவெளியில்தான் கோல்பேஸ் என்கிற காலிமுகத்திடல். தண்டவாளம் கடக்காமல், காசு கொடுக்காமல் கடற்காற்று வாங்க நகரத்தின் நடுவில் இருப்பது அது ஒன்றுதான். துறைமுகத்துக்கு அப்பால் மட்டக்குளியில் காக்கைத்தீவுக் கடற்கரைப் பூங்கா இருக்கிறது. புதிதாகப் போர்ட் சிட்டி வந்திருக்கிறது. கடலை நிரப்பி எடுத்த 269 ஹெக்டேயரில் 91 ஹெக்டேயர் பொது இடம் என்று திட்டத்தில் உண்டு, செயற்கைக் கடற்கரையும் உண்டு. ஆனால் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி, இரண்டு பிள்ளைகளையும் ஒரு பாயையும் சுமந்துகொண்டு வருகிற அம்மாவுக்கு அது கண்ணுக்கு எட்டும், காலுக்கு எட்டாது.

ஆகவே ஞாயிறு மாலை கோல்பேஸிலும் எங்கள் வெள்ளவத்தைக் கரையிலும் சனம் முட்டுகிறது என்றால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. 2012 கணக்கெடுப்பின்படி மாநகர எல்லைக்குள் மட்டும் 5 லட்சத்து 60 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இருந்தார்கள். விடுமுறை நாளில் வத்தளையிலிருந்தும் மஹரகமவிலிருந்தும் வருகிறவர்கள் அதற்குள் சேர்த்தியில்லை. இத்தனை பேருக்கும் இருப்பது ஒரு துண்டுக் கரை.

இதை இப்போது எழுதக் காரணம், எங்கள் ஒழுங்கையில் உள்ள பிளட்காரர்கள் சேர்ந்து தயாரித்த ஒரு கடிதம். மாலை ஏழு மணிக்குப் பிறகு கடற்கரையில் யாரும் நிற்கக் கூடாது, தள்ளுவண்டிகளை முற்றாக அகற்ற வேண்டும், ஒழுங்கைக்குள் வெளி வாகனங்கள் நிறுத்துவதைத் தடுக்க வேண்டும், கடைசியாக, இந்தப் பகுதியில் வசிக்காதவர்களின் அடையாள அட்டையைப் பொலிஸார் பரிசோதிக்க வேண்டும். முதலில் வாட்ஸ்அப் குரூப்பில் வந்தது. அப்புறம் காவலாளித் தம்பியின் கையில் கதவு கதவாக வந்தது. நான் கையெழுத்துப் போடவில்லை. ஏன் என்று லிப்ட்டுக்குள் நின்று விளக்க முடியாது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

முறைப்பாடு பொய் என்று நான் சொல்லவே மாட்டேன். சனிக்கிழமை இரவுகளில் சைலன்சர் கழற்றிய பைக்குகள் கரையோர வீதியான மரைன் டிரைவில் ஒன்றை ஒன்று துரத்தும்போது எங்கள் ஜன்னல் கண்ணாடி அதிரும். மணலில் யாரோ வைத்திருக்கும் ஸ்பீக்கரின் சத்தம் காற்றோடு சேர்ந்து மாடிக்கு ஏறி வரும். பாட்டு வந்தாலாவது பரவாயில்லை, அந்த டும் டும் மட்டும்தான் வந்து சேரும். மேல்மாடியில் பக்கவாதத்தில் படுத்திருக்கும் ஓர் ஐயா இருக்கிறார். அவருடைய மனைவியை நாங்கள் எல்லோரும் அன்ரி என்றுதான் கூப்பிடுவோம். காலையில் அன்ரியின் கண்ணைப் பார்த்தாலே தெரியும், முதல்நாள் இரவு சத்தம் எத்தனை மணிக்கு ஓய்ந்தது என்று. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஏ.எல். சோதனை. இவர்களிடம் போய், "கடல் எல்லோருக்கும் சொந்தம்தானே அன்ரி" என்று பேச எனக்கு வாய் வராது.

ஆனால் அந்தத் தொல்லைக்குச் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை ஒலிபெருக்கிக்கு அனுமதிப்பத்திரம் கொடுக்கக் கூடாது என்று 2007இலேயே உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. வெலிகமவில் ஒரு பள்ளிவாசல் தொடர்பாக வந்த வழக்கு அது. உத்தரவு கோயில், விகாரை, தேவாலயம், இசை நிகழ்ச்சி என்று எல்லோரையும் கட்டுப்படுத்தும். பொதுத் தொல்லை என்றால் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவின் கீழ் நீதவானிடம் போகலாம். பைக்குகளைப் பிடிக்கப் புதுச் சட்டமே தேவையில்லை, இரண்டு போக்குவரத்துப் பொலிஸார் சனிக்கிழமைகளில் ஒழுங்காக நின்றால் போதும். இவ்வளவு இருக்க, பதினொரு மணி ஸ்பீக்கர்காரனுக்காக ஏழு மணிக்குக் கச்சான் கொறித்துக்கொண்டிருக்கும் குடும்பத்தை எழுப்பி அனுப்புவது என்ன நியாயம்?

அதுவும் ஏழு மணி என்பது யாருடைய ஏழு மணி? கொழும்பில் சூரியன் ஆறரை மணிக்கெல்லாம் போய்விடும். புறக்கோட்டையில் புடவைக்கடையில் நிற்கிற பிள்ளை கடை பூட்டி, கணக்கு முடித்து, பஸ் பிடித்து வெள்ளவத்தைக்கு வரும்போது அந்த ஏழு மணி தாண்டிவிடும். பின்னேரம் நாலு மணிக்கு நடைப்பயிற்சிக்குப் போகக்கூடியவர்கள் ஓய்வூதியக்காரரும் எங்களைப் போல வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களும்தான். அதாவது, கடிதத்தில் கையெழுத்துப் போட்ட எவருக்கும் இந்தத் தடையால் ஒரு நாளும் நட்டமில்லை.

அடையாள அட்டைக் கோரிக்கையைப் படித்தபோதுதான் எனக்கு உண்மையில் கோபம் வந்தது. வெள்ளவத்தையில் இருந்துகொண்டு, தமிழில் பேசிக்கொண்டு, ஒருவர் இதை எழுதியிருக்கிறார். 2007 ஜூன் 7ஆம் தேதி விடியற்காலையில் இதே வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜ்களில் புகுந்து, "கொழும்பில் தங்கக் காரணம் இல்லை" என்று 300க்கும் மேற்பட்ட தமிழர்களை பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்களே, மறந்துவிட்டதா? அடுத்த நாளே உயர் நீதிமன்றம் தலையிட்டு அதை நிறுத்த வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் கடற்கரைக்குப் போவதென்றால் செருப்புப் போடுகிறோமோ இல்லையோ, அடையாள அட்டை எடுத்தோமா என்று அம்மா வாசலில் கேட்ட வீடுகள்தானே நம்முடையவை. அதே பொலிஸைக் கூப்பிட்டு, "இவர்கள் இந்த ஏரியா ஆட்கள் இல்லை, அட்டையைப் பாருங்கள்" என்று நாமே எழுதிக்கொடுப்பதா? குரூப்பில் இதைக் கேட்டதற்கு, "அது யுத்த காலம், இது வேறு" என்று பதில் வந்தது. வேறுதான், ஒத்துக்கொள்கிறேன். அன்று நம்மைப் பரிசோதிக்கச் சொல்லி எழுதிக்கொடுத்தவர்கள் யார் என்று நமக்குத் தெரியாது. இன்று எழுதிக்கொடுப்பவரின் வீட்டு இலக்கம் வரைக்கும் தெரிகிறது.

வாகன விஷயத்தில் நான் முழுக்கக் கடிதத்தின் பக்கம். ஐயாவுக்கு ஒரு முறை மூச்சுத்திணறல் வந்து, 1990 என்ற இலக்கத்துக்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிட்டபோது, ஒழுங்கை முகப்பில் ஒரு வான் குறுக்கே நின்றது. அம்புலன்ஸ் பிள்ளைகள் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். எல்லாம் முடிந்து போகும் நேரத்தில் வானுக்குச் சொந்தக்காரர் கையில் ஐஸ்கிரீமோடு வந்து, "சொறி அண்ணா, அஞ்சு நிமிஷம்தானே" என்றார். அந்த ஐந்து நிமிடத்துக்குத் தண்டம் வேண்டும், சக்கரத்துக்குப் பூட்டு வேண்டும், ஒழுங்கை முகப்பில் மஞ்சள் கோடு வேண்டும். ஆனால் ஒரு விஷயத்தையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அதே ஒழுங்கையில் பாதி இடத்தைப் பிடித்து வைத்திருப்பது எங்கள் பிளட்காரர்களின் இரண்டாவது கார்கள். பொது வீதியில் பூச்சட்டி வைத்து இடம் பிடிக்கிற வழக்கம் கடற்கரைக்கு வந்தவர்கள் கொண்டுவந்ததில்லை.

அடுத்தது குப்பையும் மலசலகூடமும். இரண்டையும் ஒன்றாகச் சொல்கிறேன், ஏனென்றால் கடிதத்தில் இரண்டுமே "வருகிறவர்களின் ஒழுக்கக் குறைவு" என்று போடப்பட்டிருக்கிறது. போன மாதம் ஒரு பின்னேரம் நான் கண்டதைச் சொல்கிறேன். ஒரு பெண் தண்டவாள ஓரத்தில் நின்று, மூன்று வயதுப் பெண்பிள்ளையைச் சுற்றித் துவாயைப் பிடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மூத்த பிள்ளை ரயில் வருகிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு முன்னர் அவர் வீதியைக் கடந்து ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போய்க் கேட்டிருக்கிறார், ஏதாவது வாங்கினால்தான் பாத்ரூம் என்று சொல்லியிருக்கிறார்கள். இதை யாரோ ஒருவர் மாடியிலிருந்து படம் எடுத்துக் குரூப்பில் போட்டு, கீழே மூக்கைப் பொத்துகிற பொம்மையும் போட்டிருந்தார். எனக்கு அந்தப் படத்தை எடுத்தவரின் ஒழுக்கத்தைப் பற்றித்தான் பேசத் தோன்றியது.

காலிமுகத்திடலில் ஒரு பழைய கல் இருக்கிறது. ஆளுநர் ஹென்றி வார்ட் 1856இல் நடைபாதையைத் தொடங்கி 1859இல் முடித்து, கொழும்பின் பெண்களுக்காகவும் சிறுவர்களுக்காகவும் இதைப் பேணும்படி தனக்குப் பின்வருகிறவர்களுக்குப் பொறிக்கச் சொன்ன கல். வெள்ளைக்காரச் சீமாட்டிகளைத்தான் அவர் நினைத்திருப்பார், அது வேறு கதை. ஆனாலும் யாருக்காக என்று எழுதியாவது வைத்தார். எங்கள் கரைக்கு வருகிற பெண்களையும் சிறுவர்களையும் நினைத்து ஒரு குழாய், ஒரு கதவு உள்ள கழிப்பிடம், மூடியுள்ள குப்பைத்தொட்டி வைக்கக் கேட்டு எத்தனை கடிதம் போயிருக்கிறது? தொட்டி இல்லாத இடத்தில் குப்பை எங்கே போகும் என்று எதிர்பார்க்கிறோம்?

கேட்டாலும் யாரிடம் கேட்பது என்பது பெரிய சிக்கல்தான். தண்டவாளம் ரயில்வே திணைக்களத்துக்கு. கரை, கரையோரம் பேணல் திணைக்களத்தின் அதிகாரத்துக்குள். குப்பைக்கு மாநகர சபை. சத்தத்துக்குப் பொலிஸ். ஒவ்வொரு கந்தோரும் மற்றதைக் கைகாட்டும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1981ஆம் ஆண்டுக் கரையோரம் பேணல் சட்டப்படி உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து 300 மீற்றர் உள்நோக்கிக் கரையோர வலயம். எங்கள் பிளட், அதன் ஜெனரேட்டர், மொட்டை மாடியில் நாங்கள் வைத்த பிறந்தநாள் கொண்டாட்டங்கள் எல்லாமே அந்த வலயத்துக்குள்தான் வருகின்றன. முற்றமும் மாமரமும் இருந்த வீடுகளை இடித்து, ஒரு வீட்டு நிலத்தில் முப்பது குடும்பத்தை அடுக்கிவிட்டு, பிள்ளைகளைக் கார் நிறுத்துமிடத்தில் பந்தடிக்க விட்டிருப்பவர்கள் நாங்கள். கரையில் நிற்கிற கூட்டத்தில் எங்கள் பங்கும் கணிசமானது.

தள்ளுவண்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை. இறால் வடை வண்டி நிற்கிற இடத்தில் வெளிச்சம் இருக்கிறது, நாலு பேர் இருக்கிறார்கள், தனியாக நடக்கிற பெண் அந்தப் பக்கமாகத்தான் நடக்கிறாள். வண்டியை எடுத்தால் மிஞ்சுவது இருட்டு. அனுமதிப்பத்திரம் கொடுங்கள், வண்டியைச் சுற்றியுள்ள குப்பைக்கு வண்டிக்காரரைப் பொறுப்பாக்குங்கள், தவறினால் பத்திரத்தைப் பறியுங்கள். சரி, எண்ணெயை மண்ணில் ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களைத் தண்டியுங்கள்.

சென்னை மெரினாவில் காணும் பொங்கலன்று கூடுகிற சனத்தை நம்மில் பலர் படத்திலாவது பார்த்திருப்போம். நம்முடைய டிசம்பர் 31 கோல்பேஸ் கூட்டம் அதன் முன்னால் ஒன்றுமில்லை. அங்கே பொலிஸார் கடலில் இறங்காதபடி தடுப்புக் கட்டுகிறார்கள், காணாமல் போனால் கண்டுபிடிக்கப் பிள்ளைகளின் கையில் பெற்றோரின் தொலைபேசி இலக்கம் எழுதிய பட்டை கட்டுகிறார்கள். சனம் வரும் என்று முன்கூட்டியே ஒத்துக்கொண்டு செய்கிற வேலை அது. நமக்கு அந்த மனநிலை இன்னும் வரவில்லை. 2022இல் காலிமுகத்திடலில் கூடிய சனம் ஒரு ஜனாதிபதியை வீட்டுக்கு அனுப்பியதிலிருந்து, கடலோரத்தில் நாலு பேர் சேர்ந்து நின்றாலே மேலிடத்துக்கு வியர்க்கிறது. 1956இல் சிங்களம் மட்டும் சட்டத்துக்கு எதிராக அதே திடலில் உட்கார்ந்த தமிழ்த் தலைவர்கள் அடிபட்ட கதை நமக்குத் தெரிந்ததுதான்.

எனக்குக் கேட்கத் தெரிந்தது இவ்வளவுதான். தண்டவாளத்தைக் கடக்க வெளிச்சமுள்ள, காவலாளி உள்ள கடவைகள் கூடுதலாக வேண்டும். அப்போது சனம் ஒரே இடத்தில் குவியாமல் பம்பலப்பிட்டியிலிருந்து தெஹிவளை வரை பரவும், ரயிலில் அடிபடுகிறவர்களும் குறைவார்கள். ஞாயிறு பின்னேரங்களில் மரைன் டிரைவின் ஒரு பக்கத்தை வாகனங்களுக்கு மூடி, நடக்கிறவர்களுக்கு விட வேண்டும். எங்கள் பிளட்காரருக்கு இது ஆகாது, தெரிந்தேதான் சொல்கிறேன். காக்கைத்தீவுப் பக்கத்துக்கும் பஸ்ஸும் விளக்கும் பராமரிப்பும் வேண்டும். அங்கேயும் கரையோரத்தில் குடியிருப்புகள் உண்டு, அவர்களுக்கும் தூக்கம் உண்டு. அவர்களிடமிருந்து லெட்டர்ஹெட் போட்ட கடிதம் வராது என்பதற்காகக் கூட்டத்தை அங்கே தள்ளிவிடலாம் என்று நினைப்பதும் சரியில்லை.

இதையெல்லாம் குரூப்பில் எழுதியபோது எதிர்பார்த்ததைவிட ஆதரவு கிடைத்தது. அன்ரியே, "எனக்குப் பத்து மணிக்குப் பிறகு சத்தம் நின்றால் போதும் தம்பி, சனம் இருந்தால் எனக்கென்ன" என்று குரல் பதிவு அனுப்பினார். அடையாள அட்டைக் கோரிக்கையை எடுத்துவிட்டார்கள். ஏழு மணி பத்து மணியாகியிருக்கிறது, வண்டிகளுக்கு அனுமதிப்பத்திரம் என்று மாற்றியிருக்கிறார்கள், மலசலகூடம் சேர்ந்திருக்கிறது. இப்போது சண்டை, அதை எந்த ஒழுங்கை முகப்பில் கட்டுவது என்பதில். எல்லோருக்கும் வேண்டும், தங்கள் ஒழுங்கையில் மட்டும் வேண்டாம். எங்கள் முகப்பிலேயே கட்டலாம் என்று நான் போட்டிருக்கிறேன். இரண்டு பேர் கட்டைவிரல் உயர்த்தியிருக்கிறார்கள், ஒருவர் குரூப்பை விட்டே போய்விட்டார்.