மெத் போட்டா ஃபென்டனில் முறிஞ்சிடாது
மெத் (மெதாம்ஃபெட்டமின்) உசுப்புற போதைப்பொருள், ஃபென்டனில் ரொம்ப வீரியமான ஓபியாய்டு, அதாவது ஹெராயின், மார்ஃபின் வகை. இங்க ஒருத்தர் "மெத் உசுப்பும், ஃபென்டனில் அமுக்கும், ரெண்டும் சேந்தா சமமாயிடும், அதான் அமெரிக்கால கலந்து போடுறாங்க, சேஃப்"னு எழுதிருக்காரு. கலந்து போடுறது உண்மைதான், ரோட்ல படுக்குறவங்க ராத்திரி முழிச்சிருக்கணும்னே மெத் போடுறதும் உண்டு, ஆனா சேஃப்ங்கறது சுத்தத் தப்பு. ஃபென்டனில் மூளைல மூச்சு விடச் சொல்ற கட்டளையையே மந்தமாக்குது, மெத் அதைச் சரி பண்ணிடும்னு நம்பவே முடியாது, அதுபாட்டுக்கு இதயத்துடிப்பையும் பிரஷரையும் ஏத்தி ஆக்சிஜன் இன்னும் ஜாஸ்தி வேணும்னு உடம்பைக் கேக்க வைக்குது, அந்த நேரத்துலதான் உள்ள வர்ற ஆக்சிஜனே குறையுது. அமெரிக்கால நடந்த மொத்த ஓவர்டோஸ் சாவுகள்ல, ஃபென்டனிலும் மெத், கொக்கைன் மாதிரி உசுப்புற சரக்கும் சேந்திருந்தது 2010ல 0.6 சதவீதம், 2021ல 32.3 சதவீதம். சேஃபான காம்பினேஷனாம்!

அப்புறம், ஓபியாய்டு ஓவர்டோஸை முறிக்கிற நலாக்சோன்ங்கற மருந்தைப் பத்தி, "மெத் போட்டவனுக்கு நலாக்சோன் வேஸ்ட், குடுக்காதீங்க"ன்னு இன்னொருத்தர். இது அதைவிட ஆபத்தான பேச்சு. மெத்தை அது ஒண்ணும் பண்ணாதுதான், ஆனா மூச்சை நிறுத்துறது ஓபியாய்டு, அதை நலாக்சோன் முறிக்கும். ஆள் மூச்சு விடலன்னா என்ன போட்டான்னு விசாரிச்சிட்டு நிக்காம குடுங்க, ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க, நலாக்சோன் வேகம் குறைஞ்சிட்டா ஃபென்டனில் திரும்ப மூச்சை அமுக்கலாம், அதனால எழுந்துட்டாலும் தனியா விடாதீங்க.