தோலின் வயது வேறு, எழுத்தின் வயது வேறு

கீழக்கரை வீடுகளில் இருக்கும் பழைய குர்ஆன் கையெழுத்துப் பிரதிகளைப் பற்றி வந்த கட்டுரை நன்று. ஆனால் இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் உள்ள தோல் குர்ஆன் ஏடு மிகப் பழையது, ஆகவே முந்தைய வேதங்களைவிட குர்ஆனே வரலாற்று உண்மை கொண்டது என்று அக்கட்டுரை முடிப்பது அவசரம். கார்பன் சோதனை தந்த கி.பி. 568–645 என்பது தோலுக்குரிய விலங்கு செத்த காலம். மை எப்போது பட்டது என்பதை அது சொல்லாது. கிடைத்ததும் இரண்டே ஏடுகள்.

ஏமன் தலைநகர் சன்ஆவில் 1972இல் கிடைத்த பழைய குர்ஆன் ஏடுகளின் குவியலில், அழித்து மேலே எழுதிய ஏடு ஒன்று உண்டு. மேல் எழுத்து, மூன்றாம் கலீஃபா உஸ்மான் (ரலி) நிலைநிறுத்திய, இன்றும் ஓதப்படும் தொகுப்போடு ஒத்துப்போகிறது. அடி எழுத்தில் சில சொற்களும் அத்தியாய வரிசையும் வேறு. பயானில் (மார்க்கச் சொற்பொழிவில்) இதை யாரும் சொல்வதில்லை! பைபிளிலும் இப்படி உண்டு: மாற்கு நற்செய்தியின் கடைசி வசனங்கள் (16:9–20) நான்காம் நூற்றாண்டின் சினாய், வாத்திக்கான் பிரதிகளில் இல்லை. நிகழ்வுக்கும் ஏட்டுக்கும் உள்ள இடைவெளி குர்ஆனுக்கு மிகக் குறைவு, அது பெரிய பலம்தான். ஆனாலும் அது வாசகம் காக்கப்பட்டதற்கே சான்று. சொல்லப்பட்ட நிகழ்வைச் சோதிக்க கல்வெட்டும் நாணயமும் வேண்டும்.

நம் வீட்டுப் பிரதிகளின் வயதை அறிய, முதலில் கடைசிப் பக்கத்தில் ஹிஜ்ரி ஆண்டைத் தேடுங்கள். 0.97ஆல் பெருக்கி 622 கூட்டினால் கி.பி. ஆண்டு ஏறக்குறைய வரும்: 1200 என்றால் 1786. பிறகு தாளை வெளிச்சத்தில் பிடித்து நீர்க்குறி (தாள் செய்தவர் இட்ட அடையாளம்) பாருங்கள். லேமினேஷன் மட்டும் வேண்டாம். கடற்காற்றின் ஈரம் உள்ளே சிக்கினால் இரும்பு மை தாளையே அரித்துவிடும்.