சிறுவர் நூல்கள் எஞ்சுவது அரிது

அருங்காட்சியகமொன்றில் பேணப்படும் பழைய சிறுவர் பயணச் சாகச நூல் பற்றிய உங்கள் கட்டுரையை மட்டக்களப்பிலிருந்து மகிழ்ச்சியுடன் வாசித்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மலிவுப் பதிப்புகள் பெரும்பாலும் மரக்கூழ்க் காகிதத்தில் அச்சானதால், அக்காகிதத்தின் அமிலமே தாள்களைப் பழுப்பாக்கி நொறுங்கச் செய்கிறது. சிறுவர் நூல்களோ கைமாறிக் கைமாறிக் கிழியும்வரை வாசிக்கப்படுபவை ஆகையால், முழுமையாக எஞ்சுவது இன்னும் அரிது. வாவியின் ஈரக்காற்றும் கறையானும் போதாதென்று, 1978 நவம்பர்ச் சூறாவளியும் 2004 ஆழிப்பேரலையும் எங்கள் கரையோர வீடுகளின் புத்தக அலுமாரிகளை விட்டுவைக்கவில்லை. முகப்புத் தாளில் பிள்ளையின் பெயரோ பரிசளிப்புக் குறிப்போ இருப்பின், அதையும் அருங்காட்சியகம் படமெடுத்து வெளியிட வேண்டும். அந்நூலை வாசித்த பிள்ளையை அறிய வேறு சான்று பெரும்பாலும் கிடைப்பதில்லை. ஈழத்து நூல்களை 2005 முதல் எண்ணிமப்படுத்திவரும் 'நூலகம்' இணையத்தளத்துக்கு, இங்கு எஞ்சியுள்ள சிறுவர் கதைப் புத்தகங்களை வைத்திருப்போர் விரைந்து இரவலாகவேனும் கொடுத்துதவ வேண்டும்.