4,294,967,297 பகா எண் இல்லை

அண்ணே, மேலே நீங்கள் எழுதியதில் ஒரு திருத்தம். 100 வரையுள்ள எந்தப் பகா எண்ணாலும் 4,294,967,297 வகுபடவில்லை, அதனால் அதுவும் பகா எண்தான் என்கிறீர்கள். முதல் பாதி சரி, முடிவு தவறு. இதன் வர்க்கமூலம் 65,536-ஐக் கொஞ்சம் தாண்டும். அதுவரையுள்ள 6,542 பகா எண்களையும் சோதித்தால்தான் அப்படிச் சொல்ல முடியும். 100-இல் நிறுத்தினால் இதை மீதியின்றி வகுக்கும் 641 கண்ணில் படாது.

நேற்று ராத்திரி உயர்நிலை 1 படிக்கும் மகளோடு புளோக் கீழே கல்மேசையில் உட்கார்ந்து 641-ஐயும் 6,700,417-ஐயும் கையாலேயே பெருக்கிப் பார்த்தேன். 6,700,417-ஐ 600-ஆல் பெருக்கினால் 4,020,250,200. 40-ஆல் பெருக்கினால் 268,016,680. அப்புறம் இன்னொரு 6,700,417. மூன்றையும் கூட்டினால் அச்சு அசலாக அதே எண்! அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

இந்த எண் 2-இன் 32-ஆம் அடுக்கோடு 1 கூட்டியது. அடுக்கை 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போனால், இதே வரிசையில் முன்னால் வரும் 3, 5, 17, 257, 65,537 எல்லாம் பகா எண்கள்தான். அதைப் பார்த்து கணித மேதை ஃபெர்மாவே இதையும் பகா எண் என்று நம்பினார். 1732-இல் ஆய்லர் என்ற கணித மேதைதான் 641-ஐக் கண்டுபிடித்தார். பிள்ளைகளும் இதைப் படிக்கிறார்கள், தயவுசெய்து உங்கள் பதிவைத் திருத்திவிடுங்கள்.