வரமாட்டேன்னா வரமாட்டேன்னு சொல்லிடுங்க தம்பி

ஓசூர் சிப்காட் பக்கம் சின்னதா ஒரு மெஷின் ஷாப் நடத்துறேன். கம்ப்யூட்டர்ல ஓடுற சி.என்.சி., வி.எம்.சி. மெஷின் போட்டு பெரிய கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செஞ்சு குடுக்கிற ஜாப் ஒர்க் பண்றோம். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் வேலை தேடுற தம்பி தங்கச்சிங்ககிட்ட ரொம்ப நாளா சொல்ல நினைச்சது ஒண்ணு இருக்கு. ரெஸ்யூம் எந்த டிசைன்ல இருக்கணும், இங்கிலீஷ்ல பேசணுமாங்கிறது இல்லை. வேலைக்கு வர்றேன்னு ஒத்துக்கிட்டு அப்புறம் மனசு மாறினா, "வரமாட்டேன்"னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க.

சொல்லாம விட்டா என்ன நடக்குதுன்னு சொல்றேன், கேளுங்க.

ஆபரேட்டர் வேணும்னு வாட்ஸ்அப் குரூப்ல போட்டா பென்னாகரம், அரூர், ஊத்தங்கரை, காவேரிப்பட்டணம்னு நாலு பக்கமும் இருந்து பசங்க வர்றாங்க. பாலக்கோடு, ராயக்கோட்டை வழியா பஸ் மாறி வந்து காலைல ஒன்பது மணிக்கு நம்ம கேட்ல நிக்கிற பையன், வீட்டுல எத்தனை மணிக்கு எழுந்திருப்பான்! வந்தவங்கள்ல ரெண்டு பேர் நல்லா தேறுறாங்க. இடம் ஒண்ணுதான். ஒருத்தருக்கு ஓகே சொல்றோம். "திங்கக்கிழமை வந்துடறேன் சார்"ங்கிறார். இன்னொருத்தர்கிட்ட "இந்த தடவை ஆள் எடுத்தாச்சுப்பா"ன்னு சொல்லி அனுப்பிடறோம். திங்கக்கிழமை ஆறு மணி ஷிப்ட்டுக்கு ஆளைக் காணோம். போன் அடிச்சா எடுக்கலை. மத்தியானம் ஸ்விட்ச் ஆஃப். சாயங்காலம் பார்த்தா என் நம்பரையே பிளாக் பண்ணியாச்சு.

மெஷின் நிக்குது, டெலிவரி தள்ளிப்போகுது, பார்ட்டிகிட்ட பேச்சு வாங்குறேன். அது தொழில், அதை நான் பார்த்துக்குவேன். எனக்கு ஆறாதது அந்த ரெண்டாவது பையன் விஷயம்தான். மறுநாள் அவனைக் கூப்பிட்டா, "பெங்களூர்ல டெலிவரி வேலைக்குச் சேர்ந்துட்டேன் சார், அட்வான்ஸ் கட்டி ரூம் எடுத்தாச்சு"ங்கிறான். டிப்ளமோ மெக்கானிக்கல் படிச்ச பையன். ஞாயித்துக்கிழமை ஒரே ஒரு மெசேஜ் வந்திருந்தா இன்னைக்கு அவன் மெஷின் முன்னாடி நின்னுருப்பான். நீங்க பதில் சொல்லாம விட்டது முதலாளிக்கு மட்டும் நஷ்டம்னு நினைக்காதீங்க. உங்களை மாதிரியே ஒரு வீட்டுல இருந்து, உங்களை மாதிரியே ஐ.டி.ஐ.யோ டிப்ளமோவோ முடிச்சு வந்தவன் இடம் அது.

இதுக்குக் காரணம் திமிர்னு என் கூட தொழில் பண்றவங்க நிறைய பேர் சொல்றாங்க. நான் ஒத்துக்கமாட்டேன். நான் பார்த்த வரைக்கும் பயமும் கூச்சமும்தான். பெரியவங்க முகத்துக்கு நேரா முடியாதுன்னு சொல்றது மரியாதை இல்லைன்னு சொல்லித்தானே நம்ம பிள்ளைகளை வளர்க்கிறோம். போக முடியாத கல்யாணத்துக்குக்கூட "கண்டிப்பா வர்றோம்"னுதானே பத்திரிகையை வாங்குறோம். அதே பழக்கம் வேலையிலயும் வந்துடுது. திட்டுவாரோன்னு பயந்துக்கிட்டு போனை எடுக்கறதில்லை.

உங்களுக்கு வேற நல்ல வேலை கிடைச்சா எனக்கு சந்தோஷம்தான். முன்ன மாதிரி இல்லை இப்போ. அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் மட்டும்னு இருந்த பக்கத்துல இன்னைக்கு டாடா எலக்ட்ரானிக்ஸ் வந்திருக்கு, போச்சம்பள்ளியில ஓலா ஸ்கூட்டர் ஆலை இருக்கு. கேன்டீன், கம்பெனி பஸ், ஹாஸ்டல்னு அவங்க தர்றதை நான் தர முடியாது. அங்கே கிடைச்சா தாராளமா போங்க. போறதுக்கு முன்னாடி, "சார், வேற இடத்துல சேர்றேன், திங்கக்கிழமை வர இயலாது, நன்றி"ன்னு தமிழ்லயே அனுப்புங்க. காரணம்கூட சொல்ல வேண்டாம். அப்படி அனுப்பின பிள்ளைகளோட நம்பரை நான் சேமிச்சு வச்சிருக்கேன். அடுத்து ஆள் தேவைப்படும்போது முதல் போன் அவங்களுக்குத்தான் போகும்.

மத்ததைச் சுருக்கமா சொல்லிடறேன். உங்க வேலைக்கு நீங்களே பேசுங்க. அப்பாவோ மாமாவோ போன் பண்ணி "பையனுக்கு ஏதாவது பார்த்து குடுங்க"ன்னு கேட்டா, பையன் எப்படிப்பட்டவன்னு எனக்கு எப்படித் தெரியும்? ராத்திரி பதினோரு மணிக்கு "ஹாய், ஜாப் இருக்கா"ன்னு மட்டும் அனுப்பாதீங்க. பேரு, ஊரு, படிப்பு, எந்த மெஷின் ஓட்டுவீங்க, இந்த நாலும் இருந்தா போதும்.

தெரியாததைத் தெரியும்னு சொல்லாதீங்க. ரெண்டு வருஷம் அனுபவம்னு எழுதியிருப்பாங்க, கையில அளவு பார்க்கிற வெர்னியரைக் குடுத்தா ரீடிங் எடுக்கத் தெரியாது. சாதாரண வெர்னியர்ல 0.02 மில்லிமீட்டர் வரைக்கும் பார்க்கலாம், மைக்ரோமீட்டர்ல 0.01. இதைச் சொல்லிக் குடுக்க ஒரு சாயங்காலம் போதும், நானே உட்கார்ந்து சொல்லிக் குடுப்பேன். ஆனா தெரியாமலே ஓட்டி லாட் முழுக்க ரிஜெக்ட் ஆச்சுன்னா அந்த வாரத்து உழைப்பே போச்சு. "தெரியாது சார், கத்துக்கிறேன்"னு சொன்ன பிள்ளைகளை நம்பி எடுக்கிறேன், இனியும் எடுப்பேன்.

சம்பளம் எவ்வளவுன்னு முதல் நாளே கேளுங்க. அதை மரியாதைக்குறைவுன்னு நினைக்கிற முதலாளிகள் இருக்காங்க, எனக்கு அந்தக் கருத்து இல்லை. கையில எவ்வளவு வரும், பி.எஃப்., இ.எஸ்.ஐ. (மருத்துவக் காப்பீடு) உண்டா, ஓ.டி. (கூடுதல் நேர வேலை) எப்படின்னு கேட்கிறது உங்க உரிமை. பத்து பேரோ அதுக்கு மேலயோ வேலை பார்க்கிற ஃபாக்டரியில மாசச் சம்பளம் 21,000 ரூபாய் வரைக்கும் உள்ளவங்களுக்கு இ.எஸ்.ஐ. கட்டியாகணும். ஓ.டி.க்கு இரட்டைச் சம்பளம்னு சட்டமே சொல்லுது. வேலை வாங்கித் தர்றேன்னு எவனாவது முன்பணம் கேட்டா அந்த இடத்துலயே எழுந்து வந்துடுங்க. ஒரிஜினல் சர்டிபிகேட்டையும் யார்கிட்டயும் ஒப்படைக்காதீங்க, காட்டினா போதும்.

கிளம்பறதுக்கு முன்னாடி இன்னொண்ணு பாருங்க. ஆதார்ல இனிஷியல் முன்னாடி, டி.சி.யில பின்னாடி, பேங்க் பாஸ்புக்ல அப்பா பேரு முழுசா. பேரு இப்படி மூணு விதமா இருந்தா பி.எஃப். பதிவுல மாட்டிக்கும். வேலை கிடைச்சப்புறம் அலையறதைவிட இப்பவே சரிபண்ணிடுங்க.

வேலையை விட்டுப் போகும்போதும் சொல்லிட்டுப் போங்க. பி.எஃப்.புக்கான உங்க யு.ஏ.என். நம்பர் எந்தக் கம்பெனிக்குப் போனாலும் ஒண்ணுதான். பழைய கம்பெனி உங்க விலகல் தேதியைப் பதிவு பண்ணலைன்னா பி.எஃப். பணத்தை மாத்தறதும் எடுக்கறதும் இழுத்துக்கிட்டே போகும். ஆதாரோட செல் நம்பர் இணைச்சிருந்தா, கடைசியா பி.எஃப். கட்டி ரெண்டு மாசம் ஆனப்புறம் அந்தத் தேதியை நீங்களே ஆன்லைன்ல போட்டுக்கலாம். ஆனா சொல்லிக்கிட்டு நல்லபடியா போனவங்களுக்கு நாங்களே உடனே போட்டுடுவோம், அனுபவச் சான்றிதழும் கையோட கிடைக்கும்.

இதைப் படிக்கிற என்னை மாதிரி சின்ன முதலாளிகளுக்கும் சொல்றேன். பசங்க பதில் சொல்லணும்னு எதிர்பார்க்கிற நாமளும் பதில் சொல்லணும். வேலை இல்லைன்னு தெரிஞ்சும் "கூப்பிடறோம்"னு சொல்லி அனுப்பாதீங்க. அவன் அதை நம்பி வேற இடத்துக்குப் போகாம காத்துக்கிட்டிருப்பான். இன்டர்வியூ வச்ச அன்னைக்கு சாயங்காலமே, எடுக்கலைன்னாலும் சரி, மெசேஜ் போட்டுடுங்க. பக்கத்து ஷெட்ல ஆள் தேவைன்னு தெரிஞ்சா அந்த நம்பரையும் சேர்த்து அனுப்புங்க. அரூர்ல இருந்து வந்த பையன் இன்னொரு தடவை பஸ் ஏற வேண்டாம்ல.